பாப்பா துப்புது, பெரியம்மா

சிலிம் ரிவரில் என் தங்கை மகள் வீட்டு அடுப்படியில் குதிரைப் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்குகிறது. பந்தய நாட்களுக்குக் குதிரைத் தலை அச்சடித்திருக்கும் அந்தக் காலண்டரைப் பந்தயத்துக்காக வாங்குகிறவர்கள் குறைவு. கட்டம் பெரியது, எழுத இடமிருக்கும், அவ்வளவுதான். கேஸ் தோம்பு வந்த நாள், தண்ணி பில் கட்டிய நாள் எல்லாம் அதில்தான் ஏறும். இப்போது அந்தக் கட்டங்களில் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள். கோட்டுக்குப் பக்கத்தில் 'ப', 'கே', 'பீ' என்று எழுத்துகள். பறங்கிக்காய், கேரட், பீன்ஸ். அந்தக் கோடுகளின் கதைதான் இந்த அத்தியாயம்.

நான் போயிருந்த அன்று பாப்பாவுக்கு ஆறு மாதமும் இரண்டு வாரமும். எவர்சில்வர் கிண்ணத்தில் அவித்து மசித்த பறங்கிக்காய். முதல் கரண்டிக்கு உதடு திறக்கவில்லை. இரண்டாவது உள்ளே போனது. நாக்கு அதை அப்படியே முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்து மோவாயில் வழியவிட்டது. மூன்றாவதற்கு முகத்தை ஒரு சுளிப்புச் சுளித்து, தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"துப்புதுலா, பெரியம்மா. ஒரு வாரமா இதே கததான்."

கதவோரம் உட்கார்ந்திருந்த என் அம்மா, "நாக்குல கொஞ்சம் தேனத் தொட்டு வச்சுப் பாரேன்" என்றார். தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்த மாப்பிள்ளை, பாலைக் குறைத்தால் தானாகப் பசிக்கும் என்றார். வேலிக்கு அந்தப் பக்கத்து மலாய்க்கார அக்கா நெஸ்டம் தானிய மாவு கலந்து பார்க்கச் சொல்லியிருந்தாராம். தங்கை மகள் தன் பங்குக்கு, "எனக்குத்தான் கொடுக்கத் தெரியல போல" என்றாள். வீட்டுக்கு வீடு அதிகம் கேட்பதும், ஆதாரம் மிகக் குறைந்ததும் இந்தக் கடைசி வாக்கியம்தான்.

நாக்கிலிருந்து தொடங்குவோம். பிறந்த குழந்தையின் நாக்குக்கு ஓர் அனிச்சைச் செயல் உண்டு. நாக்கின் முன்பகுதியில் காம்பைத் தவிர வேறு ஏதாவது, கெட்டியாக, பட்டால் உடனே வெளியே தள்ளிவிடும். மூச்சுக்குழாயைக் காக்கும் வாசற்காவல் அது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் இது மெல்ல மங்கிப் போகும். மெல்ல என்பதைக் கவனியுங்கள். சுவிட்சை அணைப்பதுபோல் ஒரு நாளில் நின்றுவிடாது. ஆறு மாதம் முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு அதன் மிச்சம் இருக்கும் பிள்ளைகள் ஏராளம். நம் கண்ணுக்கு அது துப்புவதாகத் தெரிகிறது. உண்மையில் பாப்பா துப்பவில்லை. துப்புவதற்கு வேறு தசை வேலை வேண்டும், அது பின்னால் வரும், வந்த பிறகு நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

இன்னொன்று, பால் குடிக்கிற நாக்குக்குத் தெரிந்த அசைவு முன்னும் பின்னும்தான். கூழை விழுங்க வேண்டுமானால் அதை நாக்கின் நடுவில் ஓர் உருண்டையாகத் திரட்டிப் பின்னால் அனுப்பத் தெரிய வேண்டும். கட்டியான சோற்றுக்கு அதை ஓரத்து ஈறுக்குத் தள்ளத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் நாக்கை அசைக்கும் இந்த வித்தை ஏழு முதல் ஒன்பது மாத வாக்கில் கைவரும். நாம் பெரியவர்கள் மெல்லுவதுபோல் தாடையைச் சுழற்றி மெல்ல ஒரு வயதுக்கு மேலாகும். ஆக, அன்றைக்கு அந்த அடுப்படியில் நடந்தது ஒரு புதுத் தொழிலின் முதல் வாரம். சைக்கிள் பழகுகிற பையன் விழுந்தால் அவனுக்குச் சைக்கிள் பிடிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டுவதில்லை.

குமட்டலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் ஊட்டுவதே இதைப் பார்த்துத்தான் நின்றுபோகிறது. ஆறு மாதத்தில் குமட்டலைத் தூண்டும் இடம் நாக்கில் நமக்கு இருப்பதைவிட வெகு முன்னாலேயே இருக்கிறது. சற்றுக் கெட்டியாக எது பட்டாலும் ஓவ் என்று ஓசை வரும், கண்ணில் நீர் கோக்கும், முகம் சிவக்கும், நாக்கு வெளியே வரும். பார்க்கப் பயம்தான், ஆனால் இது பாதுகாப்பு. பழகப் பழக அந்த இடம் பின்னுக்கு நகரும். அடைத்துக்கொள்வது வேறு. அதில் ஓசையே இருக்காது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். அப்போது பிள்ளையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை கீழாகச் சரிந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து தட்டு, வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் ஐந்து அழுத்தம், மாற்றி மாற்றி. அதற்குள் இன்னொருவர் 999 அழைக்க வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது, கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, ஏன் ஆறு மாதம்? 2001இல் உலக சுகாதாரப் பேரவை, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த எண்ணுக்குப் பின்னால் பல கணக்குகள் இருந்தாலும் எனக்கு அழுத்தமாகப் படுவது இரும்புச் சத்துக் கணக்கு. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளை அம்மாவிடமிருந்து இரும்பைச் சேமித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதம் தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. ஏழாம் மாதத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்பது ஊட்டச்சத்து நிபுணர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. எவ்வளவு பால் குடித்தாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. மலேசியாவில் 2022இல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை; ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. பணக்கார நாடாகப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருக்கும் நாட்டில் இது.

அதே சமயம் கலோரிக் கணக்கு ஆறுதலானது. ஆறு முதல் எட்டு மாதம் வரை, நன்றாகத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு மற்ற உணவிலிருந்து தேவைப்படுவது நாளுக்கு ஏறத்தாழ 200 கலோரி. அந்தப் பங்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும் என்பதில்லை. ஆரம்பத்தில் இரண்டு மூன்று கரண்டி, அதில் பாதி மோவாயில். மாப்பிள்ளை சொன்ன 'பாலைக் குறைத்தால் பசிக்கும்' வைத்தியம் இங்கேதான் தவறுகிறது. பசி முற்றிய பிள்ளைக்குப் புது வித்தை பழகப் பொறுமை இருக்காது; அழும், அவ்வளவுதான். முழு வயிற்றோடும் வேண்டாம், காய்ந்த வயிற்றோடும் வேண்டாம். கொஞ்சம் பால் குடித்து, தூங்கி எழுந்து, விளையாட்டு மனநிலையில் இருக்கும் நேரம்தான் கரண்டிக்கு நல்ல நேரம்.

இனி அந்த முகச்சுளிப்பு. இஸ்ரேலிய ஆய்வாளர் ஜேக்கப் ஸ்டைனர் 1970களில், இன்னும் ஒருவாய்ப் பால்கூடக் குடிக்காத பச்சைப் பிள்ளைகளின் நாக்கில் இனிப்பு, புளிப்பு, கசப்புத் துளிகளை வைத்து முகத்தைப் படமெடுத்தார். இனிப்புக்கு உதடு தளர்ந்தது, சப்பிக்கொண்டது. கசப்புக்கு வாய் கோணி நாக்கு வெளியே வந்தது. காட்டில் கசப்பது பெரும்பாலும் விஷம் என்பதால் நாம் பிறக்கும்போதே கொண்டுவரும் எச்சரிக்கை அது. ஆனால் எதை விரும்புவது என்பதில் பெரும்பகுதி பழக்கம்தான், அந்தப் பழக்கம் கரண்டிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

பிலடெல்பியாவின் மோனெல் மையத்தில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்பும் 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் பாட்டிமாருக்குச் சிரிப்பை வரவழைக்கும். பால் கொடுக்கும் அம்மாக்கள் பூண்டு சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாலில் பூண்டு வாசம் ஏறுகிறது. பிள்ளைகள் அன்று மார்பை விடாமல் அதிக நேரம் பிடித்திருந்தார்கள். பின்னர் 2001இல் மெனெல்லாவின் குழு இன்னொன்று செய்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ, பால் கொடுக்கும் முதல் மாதங்களிலோ, வாரத்துக்கு நான்கு நாள், மூன்று வாரம், அம்மாக்கள் கேரட் சாறு குடித்தார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது, தண்ணீர் மட்டுமே குடித்த அம்மாக்களின் பிள்ளைகளைவிட முகச்சுளிப்பு குறைவாக இருந்தது. பிரசவம் முடிந்த வீட்டில் பத்தியம் என்று சொல்லி, உரித்த பூண்டைக் கிண்ணம் கிண்ணமாக நல்லெண்ணெயில் வதக்கி, சுறாப் புட்டும் மிளகுக் குழம்புமாகப் போட்ட நம் வீடுகளில், பிள்ளை தன் வீட்டுச் சமையலை ஆறு மாதமாக ருசி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பத்தியத்தில் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது போன்ற அபத்தங்களும் அதில் உண்டு. பூண்டு விஷயத்தில் மட்டும் பாட்டிகள் பக்கம் ஆதாரம் இருக்கிறது.

அதனால் தங்கை மகளிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "நீ பறங்கிக்காய் சாப்பிடுவியா?"

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே புடிக்காது, பெரியம்மா."

அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார்.

பிடிக்காத ஒன்றைப் பிடிக்கவைப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் கிடைத்த ஒரே உறுதியான வழி சலிப்பூட்டுமளவு எளிமையானது: திரும்பத் திரும்பக் கொடுப்பது. 2007இல் ஆண்ட்ரியா மேயரும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஐரோப்பிய ஆய்வில், ஏழு மாதப் பிள்ளைகளின் அம்மாக்களிடம், உங்கள் பிள்ளை சுத்தமாகத் தொடாத காய் எது என்று கேட்டார்கள். அதே காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள், எட்டு முறை கொடுக்கச் சொன்னார்கள். இடைப்பட்ட நாட்களில் பிள்ளைக்குப் பிடித்த கேரட். எட்டாம் முறை வந்தபோது பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு மேல் அந்தப் 'பிடிக்காத' காயைப் பிடித்த காயின் அளவுக்கே சாப்பிட்டார்கள். அமெரிக்காவில் லீஆன் பர்ச்சும் அவருடைய மாணவர்களும் அதற்கு முன்பே பத்து முறை என்கிற வாக்கில் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். வீடுகளில் நடப்பதோ வேறு. மூன்று முறை, மிஞ்சினால் ஐந்து முறை கொடுத்துப் பார்த்துவிட்டு 'இதுக்கு இது ஆகாது' என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதப்பட்ட காய் அதன்பிறகு அந்த வீட்டுத் தட்டுக்கே வராது.

காலண்டர் கோடுகள் இதற்குத்தான். ஒரு முறை கொடுத்தால் ஒரு கோடு. சாப்பிட்டாளா என்பதற்குக் கோட்டில் இடமில்லை. நாக்கில் பட்டாலே ஒரு கோடு உண்டு. விரலால் அளைந்து, முகர்ந்து, நெற்றியில் பூசிக்கொண்டதற்கும் அரைக் கோடு போடலாமா என்று தங்கை மகள் கேட்டாள், போடச் சொன்னேன். கோட்டால் கிடைத்த பெரிய லாபம் பாப்பாவுக்கு அல்ல, அம்மாவுக்கு. நான்காம் நாள் துப்பியது தோல்வி என்று தோன்றுவது நின்று, எட்டில் நான்கு என்று ஆனது. முகம் சுளிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். புருவத்தைச் சுருக்கிக்கொண்டே அடுத்த கரண்டிக்கு வாய் திறக்கும் பிள்ளைகள் நிறைய. வாயைப் பாருங்கள், புருவத்தைப் பார்க்காதீர்கள்.

அம்மா சொன்ன தேனுக்கு நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பதில் சொன்னேன். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைப்பதில்லை. ஒரு வயதுக்குட்பட்ட குடலில் முளைத்து, தசைகளை முடக்கும் நஞ்சைக் கக்கும். காய்ச்சினாலும் வித்து சாகாது. சேனை வைக்கிறோம் என்று பிறந்த பிள்ளை நாக்கில் தேன் தொட்டுவைக்கும் வழக்கம் இன்னமும் இங்கே இருக்கிறது. ஒரு வயது வரை வேண்டாம், ஒரு சொட்டுகூட.

"ஒங்களுக்கெல்லாம் அதத்தான் வச்சேன்" என்றார் அம்மா. பிறகு, யாரும் கேட்காமலே, ஆயாக் கொட்டகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அம்மாவின் காலத்தில் இந்தப் பகுதி முழுக்க ரப்பர்த் தோட்டம், பால்மரக் காடு. இன்று செம்பனை நிற்கும் இடமெல்லாம். விடிவதற்கு முன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. அதற்குள் சோறு ஆக்கி, பிள்ளையைத் தூக்கத்தோடு துணியில் சுருட்டிக்கொண்டுபோய் ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். வரிசையாக ஏணைகள். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருக்கும் என்று அம்மா சொன்னபோது தங்கை மகள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆறேழு மணி நேரத்துக்குப் பிள்ளைக்கு என்ன? கஞ்சித் தண்ணி. கையில் காசிருந்தால் டின் பால்.

அந்த டின் பாலைப் பற்றித்தான் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஒரு பெண் டாக்டர் எழுந்து பேசினார். பேச்சின் தலைப்பு 'பாலும் படுகொலையும்'. பேசியவர் சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்த ஆங்கிலேயர். அவர் மலாயாவுக்கு வந்தது 1936இல். அதற்கு முன் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், இன்றைய கானாவில், வயிறும் காலும் வீங்கி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து சாகும் சிறு பிள்ளைகளைப் பார்த்து, அந்த நோயை மருத்துவ உலகுக்கு 1930களில் அறிமுகப்படுத்தியவர் அவர். அங்குள்ள கா மொழிப் பெண்கள் அதை க்வாஷியோர்கர் என்றார்கள். அடுத்த பிள்ளை வந்ததால் மார்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட பிள்ளைக்கு வருவது என்று பொருள். பால் நின்றது, பதிலுக்கு வந்தது வெறும் சோளக் கூழ். நோயின் காரணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது, கேட்கக் காது கொடுத்த டாக்டர்தான் வர வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் அவர் பார்த்தது வேறு வகைப் பட்டினி. இனிப்பு சேர்த்த கெட்டிப்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்று என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் மாதிரி உடை போட்ட பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். அந்த டின்னில் பாதியளவு சர்க்கரை. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். கொழுப்பு எடுத்த பாலாக இருந்தால் ஏ வைட்டமின் இல்லாமல் கண்ணே போய்விடும். கலக்கிய தண்ணீரோ வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். இதைத் தெரிந்தே விற்பது கொலை என்று வில்லியம்ஸ் வியாபாரிகள் கூடியிருந்த சபையில் சொன்னார்.

வில்லியம்ஸ் கதையின் அடுத்த திருப்பம் இந்தச் சிலிம் ரிவர் வழியாகத்தான் வருகிறது. இந்த ஊருக்கு வரலாற்றுப் புத்தகங்களில் ஒரே ஒரு நாள் உண்டு: 1942 ஜனவரி 7. திரோலாக்கிலிருந்து வரும் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் விடியுமுன் புகுந்து, 11ஆம் இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்தன. தெற்கே கதவு திறந்துவிட்டது. ஐந்து வாரத்தில் சிங்கப்பூர் விழுந்தது. திரெங்கானுவிலிருந்து தப்பி அங்கே போயிருந்த வில்லியம்ஸ் சாங்கி சிறைக்குப் போனார், இடையில் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாயின் விசாரணைக் கூடத்துக்கும். அந்தச் சிறைக்காலத்தில் இருபது பிள்ளைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவர் பதிவு செய்தார். டின் எதுவும் கிடைக்காத இடம் அது. 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992இல், 98 வயதில் காலமானார். தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச நெறிமுறை 1981இல் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

கஞ்சித் தண்ணிக்கு வருவோம். அம்மாவின் கஞ்சியில் குற்றமில்லை, தண்ணியில்தான் குற்றம். எட்டு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது கால் லிட்டருக்கும் குறைவு. அரிசியையோ மாவையோ கெட்டியாகக் காய்ச்சினால் பிள்ளையால் விழுங்க முடியாது. தொண்டையில் இறங்கும்படி நீர்க்கக் காய்ச்சினால் வயிறு நிறைந்துவிடும், சத்து ஏறாது. மாவுச்சத்து சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்புவதால் வரும் சிக்கல் இது. இதற்கு நம் ஊரிலேயே விடை இருந்தது: முளைகட்டிய கேழ்வரகு. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்கிற நொதி சுரக்கும். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது துண்டு துண்டாக வெட்டும். கெட்டியாகக் காய்ச்சிய கூழில் முளைகட்டிய மாவு ஒரு சிறு கரண்டி போட்டுக் கிளறினால் சில நிமிடங்களில், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், கூழ் இளகி ஓடும். பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். 1980களில் மைசூரு மத்திய உணவு ஆய்வு நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும், பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் இதை அளந்து நிறுவினார்கள். முளைகட்டும்போது இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைடேட்டும் குறைகிறது.

செய்முறையில் ஒரு கண்ணி உண்டு. நொதி கொதியில் செத்துவிடும். முளைத்த தானியத்தை மணம் வர வறுத்து அரைப்பது நம் வழக்கம். ருசிக்கு நல்லது, நொதிக்குக் கேடு. வெயிலில் காயவைத்து இளஞ்சூட்டில் மட்டும் புரட்டுங்கள். கூழை இறக்கிச் சற்று ஆறவிட்டு மாவைக் கலந்து, இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். கிருமிக்கு அந்தக் கடைசிக் கொதி.

ஆனால் கேழ்வரகின் புகழெல்லாம் கால்சியத்துக்கு. இரும்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். வாரம் ஒன்றிரண்டு முறை கோழி ஈரலை நன்றாக வேகவைத்து ஒரு சிறு கரண்டியளவு மசித்துச் சோற்றில் கலக்கலாம். மீனும் முட்டையும் பருப்பும் முறைவைத்து வரலாம். பருப்புச் சோற்றில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும். பக்கத்து அக்கா வீட்டில் பூபூர் என்கிற கஞ்சியில் நெத்திலிப் பொடி போடுவார்கள், நல்ல யோசனைதான், ஆனால் காய்ந்த நெத்திலி உப்புக் கிடங்கு. ஊறவைத்து அலசிக் காயவைத்த பிறகு பொடியுங்கள். முட்டையையும் கச்சானையும் ஒரு வயதுக்கு மேல் தள்ளிவைக்கச் சொன்ன பழைய அறிவுரை இப்போது தலைகீழாகிவிட்டது. லண்டனில் கிடியோன் லேக் குழு 640 பிள்ளைகளை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள பிள்ளைகளுக்குக் கச்சானைச் சீக்கிரம் பழக்கியதால் ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. கொடுப்பது நீர்க்கக் கரைத்த விழுதாக. முழுக் கச்சான் ஐந்து வயதுவரை கூடவே கூடாது. கடும் கரப்பான் இருக்கும் பிள்ளையென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு.

மசித்தே கொடுத்துக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே கட்டி உணவைக் கண்ட பிள்ளைகள் பின்னால் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடித்தார்கள். எட்டாம் மாதத்தில் மிக்சியை உள்ளே வைத்துவிட்டு முள்கரண்டியால் மசியுங்கள். குழைந்த சோறு, இட்லி, பழுத்த பப்பாளித் துண்டு, எல்லாம் ஈறுக்கே நசுங்கும்.

அடுத்து நிலா. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய இனம் நாம். ஆகவே போனைக் காட்டி ஊட்டுவதை நாம் மட்டும் எப்படிக் குறை சொல்வது என்று மாப்பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. நிலா அசையாது, பாட்டுப் பாடாது, மூன்று விநாடிக்கொருமுறை மாறாது. நிலாவைப் பார்க்கும் பிள்ளை ஊட்டுகிறவர் முகத்தையும் பார்க்கும். போனைப் பார்க்கும் பிள்ளைக்கு வாயில் என்ன போகிறது என்பதும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. கிண்ணம் காலியாகும், பாடம் நடக்காது.

வயிறு நிறைந்ததைப் பிள்ளை அறியுமா? 1920களின் இறுதியில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க டாக்டர் பால்குடி மறந்த கையோடு வந்த பிள்ளைகளுக்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட உணவுகளிலிருந்து தட்டுகளை வைத்தார். பக்கத்தில் நர்ஸ், கையில் கரண்டி. பிள்ளை கையை நீட்டினால் மட்டும் ஊட்டலாம். சபாஷ் என்றும் சொல்லக் கூடாது, ஐயோ என்றும் சொல்லக் கூடாது. மொத்தம் 15 பிள்ளைகள், சிலர் பல ஆண்டுகள் அப்படியே வளர்ந்தார்கள், எல்லோரும் நன்றாக. ஒருவேளைச் சாப்பாட்டைப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், மாதக் கணக்கைப் பார்த்தால் சமச்சீர். இதை வைத்துப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று கிளம்பியவர்கள் உண்டு. டேவிஸே 1939இல் அதைத் திருத்தினார். சூட்சுமம் பட்டியலில் இருந்தது. அதில் சர்க்கரையோ பிஸ்கட்டோ இல்லவே இல்லை. எதை, எப்போது வைப்பது என்பது பெரியவர்கள் வேலை. எவ்வளவு என்பது பிள்ளையின் வேலை. வாயைப் பிடித்துத் திறந்து, மூக்கைப் பொத்தி ஊட்டிய காலத்தை நம் தலைமுறையோடு முடித்துக்கொள்ளலாம்.

காத்திருக்கக் கூடாத சில நிலைமைகளும் உண்டு. எடைக்கோடு கிளினிக் பதிவுப் புத்தகத்தில் கீழே சரிந்தால், ஒவ்வொரு முறையும் விழுங்கும்போது இருமினால், மூக்கு வழியே உணவு வந்தால், ஏழெட்டு மாதத்திலும் தலை நிற்காவிட்டால், தாங்கிப் பிடித்தும் உட்காராவிட்டால், ஒன்பது மாதத்திலும் எதையுமே வாயில் வைக்க விடாவிட்டால், கோடு எண்ணிக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குப் போய்விடுங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு, அதையும் அங்கே கேட்க வேண்டும்.

நான் ஈப்போவுக்குத் திரும்பி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. தினமும் காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்பேன், காலண்டரின் படம் வரும். பறங்கிக்காய் ஒன்பதாவது கோட்டில் உள்ளே போனது. தங்கை மகளும் கூடவே உட்கார்ந்து அதைச் சாப்பிடப் பழகிவிட்டாளாம். கேரட்டுக்கு ஐந்தே கோடு. பீன்ஸுக்கு நேற்றோடு பதினான்கு, இன்னும் துப்பிக்கொண்டுதான் இருக்கிறாள்.